ஓடும் வீட்டில் ஒரு துப்பாக்கி: ஆர்.வி. பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது

டெக்சாஸில் வண்டி பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில், பக்கச்சுவர் கிழிந்த டிரெய்லர் ஒன்றை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். கம்பத்தில் உரசியதில் ஒரு கை நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. வெளிப்புறம் பளபளப்பான ஃபைபர்கிளாஸ் தகடு. நகத்தால் தட்டினால் டப்பா போல ஒலித்தது. அதற்குப் பின்னால் வெள்ளை நுரைப்பலகை, புது ஃபிரிட்ஜைப் பொதிந்து அனுப்புவார்களே, அந்த தெர்மோகோல் மாதிரி. உட்புறம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் பூப்போட்ட காகிதம். சுவர் அவ்வளவுதான். இரண்டு விரற்கடை கனம். பழுதுபார்ப்பவர் பேனாக்கத்தியால் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். கனமே தெரியவில்லை.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வாகனம். பணி ஓய்வு பெற்ற பலருக்கு நிரந்தர வீடே அதுதான். ரிக்ரியேஷனல் வெஹிக்கிள், சுருக்கமாக ஆர்.வி. என்பார்கள். 2021-இல் இத்துறையினர் எடுத்த கணக்கின்படி 1 கோடியே 12 லட்சம் குடும்பங்களிடம் ஆர்.வி. இருக்கிறது. எஞ்சினும் படுக்கையும் ஒரே வண்டியில் இருந்தால் மோட்டார்ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துப் போவது டிரெய்லர். முன்பின் தெரியாத இடத்தில் பிள்ளைகளோடு இரவு தங்குகிறவர்கள், ஒரு துப்பாக்கி கூட இருக்கட்டுமே என்று நினைப்பது அந்த நாட்டில் இயல்பான யோசனை. கடையில் கேட்டால் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியா, ஒரே வெடியில் பல குண்டு சிதறும் 12 கேஜ் ஷாட்கனா என்றுதான் பேச்சு தொடங்கும். நான் வரைபடத்தை விரித்துத் தொடங்கச் சொல்வேன். எந்தத் துப்பாக்கி என்பதில் பாதியை நீங்கள் கடக்கப்போகும் மாநில எல்லைகள் முடிவு செய்கின்றன. மீதியை அந்த இரண்டு விரற்கடைச் சுவர் முடிவு செய்கிறது.

முதலில் ஓர் அடிப்படைக் குழப்பம். ஆர்.வி. வீடா, வண்டியா? அமெரிக்கச் சட்டத்தில் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் வண்டியில் கொண்டுபோவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘கலிபோர்னியா எதிர் கார்னி’ வழக்கு இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. சான் டியேகோ நகரின் நடுவில் ஒரு வாகன நிறுத்துமிடம். அங்கே ஜன்னல் திரைகளை மூடியபடி ஒரு டாட்ஜ் மோட்டார்ஹோம் நின்றது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் அதைக் கண்காணித்து, வாரண்ட் இல்லாமலே உள்ளே நுழைந்து சோதனை போட்டார்கள். அது என் வீடு என்ற வாதத்தை நீதிமன்றம் 6-க்கு 3 என்று நிராகரித்தது. சாவியைத் திருகினால் ஓடிவிடக்கூடியது, சாலையில் போக உரிமம் பெற்றது. ஆகவே சோதனையைப் பொறுத்தவரை அது வண்டிதான் என்றது. சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்து நிரந்தரமாக நிறுத்தியிருந்தால் என்ன என்ற கேள்வியை மட்டும் திறந்தே விட்டுவிட்டது.

அதே மோட்டார்ஹோமை ஃபுளோரிடாவுக்கு ஓட்டிப் போங்கள். அம்மாநிலத்தின் தற்காப்புச் சட்டம் குடியிருப்பு என்ற சொல்லுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தில், கூரையுள்ள, இரவில் மனிதர் தங்குவதற்கென அமைந்த வாகனம் எதுவும் அடங்கும். நகர்வதாயினும் சரி, நிலையானதாயினும் சரி. கூடாரம்கூட அதில் சேரும். ஆக, அத்துமீறி நுழைபவனை எதிர்க்கும்போது அது வீடு. காவலர் சோதனை போடும்போது வண்டி. இன்னொரு மாநிலத்தில் இந்த விளக்கமே வேறாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது வண்டி, முகாம் திடலில் இணைப்புகள் கொடுத்து நிறுத்தியபின் ஏறக்குறைய வீடு என்று நினைவில் வைத்துக்கொண்டு, கடுமையான பக்கத்தைப் பார்த்தே நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

இனி எல்லைகள். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதிச்சீட்டே தேவையில்லை என்று சொல்லும் மாநிலங்கள் இன்று 29. மறுபக்கம் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்றவை வேறு மாநிலம் கொடுத்த சீட்டை மதிப்பதில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் போல நாடு முழுக்கச் செல்லும் துப்பாக்கி அனுமதி என்று ஒன்று கிடையாது. இது எவ்வளவு கசப்பாக முடியும் என்பதற்கு 2013 அக்டோபரில் நடந்ததே போதும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் முறையான அனுமதிச்சீட்டோடு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். அட்லாண்டிக் சிட்டி போகும் சாலையில், நியூஜெர்சி எல்லைக்குள், காவலர் வண்டியை நிறுத்தினார். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ அனுமதிச்சீட்டு என்று அவரே எடுத்துச் சொன்னார். கைதானார். சுமார் 40 நாள் சிறையில் இருந்தார். மூன்றரை ஆண்டு கட்டாயத் தண்டனை தலைக்குமேல் தொங்கியது. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னவர் அவர். ஒரு பாலத்தைத் தாண்டினால் சட்டம் மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இப்படிப்பட்ட பயணிகளுக்காகத்தான் 1986-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது உங்களுக்குச் சட்டபூர்வம் என்றால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். நிபந்தனை: தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. காரென்றால் டிக்கியில் போட்டுவிடலாம். மோட்டார்ஹோமில் டிக்கி ஏது? ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தால் நாலு எட்டில் படுக்கை. அதற்கும் சட்டத்தில் வரி இருக்கிறது: தனிப்பகுதி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், டாஷ்போர்டு அறையோ இருக்கைக்கு நடுவிலுள்ள பெட்டியோ கணக்கில் வராது. டிரெய்லர்காரர்களுக்கு இதில் சிரமம் குறைவு. பின்னால் வரும் டிரெய்லருக்குள் பூட்டி வைத்துவிட்டால் ஓட்டுநரின் கை எட்டாது.

கடப்பது என்பதற்கும் எல்லை உண்டு. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போன ஒருவர், 2005-இல் நியூஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் பெட்டியில் பூட்டிய துப்பாக்கி இருப்பதைச் சொன்னதும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டிவிட்டது என்றது. ஆர்.வி. பயணம் என்பதே இரவுகளால் ஆனது. கடுமையான மாநிலத்தில் இரண்டு நாள் தங்கி ஏரியில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு இந்தச் சட்டம் குடையாகாது. அங்கே அந்த மாநிலத்தின் விதிதான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தேர்வு தானாகச் சுருங்குகிறது. பரவலாக விற்கும் கிளாக் 17 கைத்துப்பாக்கியின் மாகசினில், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டில், 17 தோட்டா பிடிக்கும். யூட்டாவில் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போய் கொலராடோவுக்குள் நுழைந்தால் வரம்பு 15. 2013 ஜூலைக்குப் பிறகு வாங்கிய பெரிய மாகசின் அங்கே குற்றம். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் 10. ஏ.ஆர்.-15 வகை அரைத்தானியங்கி ரைஃபிளுக்கு இல்லினாய்ஸ் 2023-இல் தடை போட்டது. ஆகவே பல மாநிலங்களைச் சுற்றுகிறவர் கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்றால், 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்காத மாகசின், அல்லது ஆறு குண்டு ரிவால்வர் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. ரிவால்வருக்கு இன்னொரு குணமும் உண்டு. மாதக்கணக்கில் பெட்டிக்குள் குலுங்கிக் கிடந்தாலும், எடுத்தால் வேலை செய்யும். அதிகம் பழகாதவருக்கும் புரியும். ஆனால் விசை கடினம், குறி தவறுவது எளிது. பழகாதவர் கையில் எந்தத் துப்பாக்கியும் பாதுகாப்பு தராது. ஆண்டுக்கு ஒருமுறை சுடுதளத்துக்குப் போவதைப் பழக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கனுக்கு அமெரிக்காவில் தடைகள் மிகக் குறைவு. 1950-இலிருந்து தயாராகும் ரெமிங்டன் 870 போன்றவை விவசாயி வீட்டிலும் வேட்டைக்காரர் வீட்டிலும் இருக்கும் சாதாரணக் கருவி. வேறு மாநிலத்துக் கடையில்கூட, இரு மாநிலச் சட்டமும் இடம்கொடுத்தால், வாங்கலாம். கைத்துப்பாக்கியை 1968 சட்டப்படி சொந்த மாநிலத்துக்காரர் மட்டுமே வாங்க முடியும். குழலை 18 அங்குலத்துக்குக் குறைக்காத வரை கூட்டாட்சிச் சட்டமும் தொந்தரவு செய்யாது. ஆனால் அந்தக் குழலுக்குப் பின்கட்டையும் சேர்ந்தால் துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஆர்.வி.யின் மொத்த அகலமே அதிகபட்சம் 2.6 மீட்டர்; அதில் அலமாரிக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள சந்தில் ஆள் பக்கவாட்டில்தான் திரும்ப முடியும். இரவில், அரைத்தூக்கத்தில், ஒரு மீட்டர் இரும்பைத் திருப்புவதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: கைத்துப்பாக்கி விஷயத்தில் தாராளமாக இருக்கும் மாநிலங்களில் சிலவே, ஓடும் வண்டியில் தோட்டா நிரப்பிய நீளத் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. பென்சில்வேனியாவும் மிச்சிகனும் அப்படி. அவை பழைய வேட்டைச் சட்டங்கள். சாலையோர மானைச் சுடாமல் இருக்க வந்தவை.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு முகவர்களை இழந்த பிறகு, தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று எஃப்.பி.ஐ. அளவு வகுத்தது: மனிதத் தசைக்கு ஒப்பான ஜெல்லில் குறைந்தது 12 அங்குலம், மிஞ்சினால் 18. தற்காப்புக்கென்று கடையில் விற்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த அளவை நோக்கியே செய்யப்பட்டவை. ஓரடி தசையைத் துளைக்க வேண்டிய குண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டும் தெர்மோகோலும் எம்மாத்திரம்? உங்கள் சுவரைத் தாண்டி, பக்கத்து வண்டியின் சுவரையும் தாண்டும். நெருக்கமான முகாம் திடல்களில் அடுத்த ஆர்.வி. நாலைந்து மீட்டர் தள்ளித்தான் நிற்கும். அதில் சுவரை ஒட்டியே படுக்கை போட்டிருப்பார்கள். குழந்தை தூங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். பறவை சுடும் பொடிக்குண்டு போட்டால் சுவர் தாங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இத்தனை கிட்டத்தில் அதுவும் தாங்காது. பட்டதும் விரியும் நுனிக்குழிவுத் தோட்டா உடலில் வேகம் இழக்கும் என்பதால் ஓரளவு மேல். குறி தவறினால் அதுவும் சுவரைத் துளைத்துப் போகும். போதாக்குறைக்கு, நியூஜெர்சி அந்தத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதற்கே கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. சமையலுக்கும் ஹீட்டருக்குமான புரொபேன் சிலிண்டர்கள் டிரெய்லரின் முன்மூக்கில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். சத்தம் வேறு: ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் 140 டெசிபலுக்கு மேல், அந்தச் சிறிய அறையில் ஒரே வெடியில் பிள்ளைகளின் செவி நிரந்தரமாகக் கெடலாம். துப்பாக்கியை உள்ளே ஏற்றும் முன், படுக்கையில் உட்கார்ந்து கதவைப் பார்த்து, அந்தக் கோட்டில் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு திடலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டிலும் சுட முடியாத திடல்கள் நிறைய இருக்கும். அங்கே பூட்டைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

பூட்டு என்றதும் ஒரு சின்னச் சாவி நினைவுக்கு வருகிறது. அதன் முகத்தில் சிஎச்751 என்று பொறித்திருக்கும். அமெரிக்காவில் ஓடும் ஏராளமான ஆர்.வி.க்களின் வெளிப்புறச் சாமான் அறைகளுக்குத் தொழிற்சாலையிலேயே இந்த ஒரே சாவிதான். சில டாலருக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். நண்பர் ஒருவர் தன் சாவியால் என் கண்முன் அடுத்தவர் வண்டியின் அறையை, அவர் அனுமதியோடு, திறந்து காட்டினார். முதல் திருகலிலேயே திறந்துகொண்டது. அந்த அறையில் துப்பாக்கி வைப்பது வாசல் திண்ணையில் வைப்பதற்குச் சமம். வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய எஃகுப் பெட்டி வேண்டும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ, வெளியிலிருந்து தெரியாத இடத்தில். பொத்தான் வரிசையால் திறப்பது நல்லது. சாவி தொலையாது, இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும். மெத்தைக்கு அடியில், தலைமாட்டு இழுப்பறையில் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். முந்நூறு சதுர அடி வீட்டில் பிள்ளைகளின் கைக்குத் தப்பும் மூலை கிடையாது. போதாததற்கு, மேடு பள்ளத்தில் இழுப்பறைகள் தாமாகவே திறந்துகொள்ளும்.

அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் தனிக்கதை. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, ஆர்.வி.காரர்களின் வாழ்நாள் கனவு. வழி கனடா வழியாக. மனிதரிடமிருந்து தற்காப்பு என்ற காரணத்தைக் கனடா ஏற்காது. 2022-இலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதிக்கே முடக்கம். மறந்துபோய் எல்லையில் கொண்டுபோய் நின்றால் பறிமுதலும் வழக்கும்தான். சாதாரண பம்ப் ஷாட்கனை, கரடிக் காட்டில் விலங்குகளிடமிருந்து பாதுகாப்பு என்ற காரணம் சொல்லி, எல்லையிலேயே படிவம் நிரப்பி 25 கனேடிய டாலர் கட்டி எடுத்துப் போகலாம். 60 நாள் செல்லும். படிவத்தில் கையெழுத்தை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். திரும்பி வரும்போது, இந்தத் துப்பாக்கி இங்கிருந்து போனதுதான் என்று காட்ட, புறப்படும் முன் அமெரிக்கச் சுங்கத்தில் 4457 எண் படிவத்தில் பதிந்துகொள்வது வழக்கம். மெக்சிகோவுக்கு ஒரே பதில்: எதையும் கொண்டுபோகாதீர்கள். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்த ஒற்றைத் தோட்டாகூட அங்கே சிறைவாசலைக் காட்டலாம்.

இதைப் படிக்கும் தமிழர்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தாம் உண்டு. 2022-இல் இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. தண்டனை முடிந்தாலும் நாடு கடத்தல் காத்திருக்கும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நாலு குடும்பம் சேர்ந்து பெரிய மோட்டார்ஹோம் எடுத்துப் போகிறோம், அதில் ஒருவர் குடியுரிமை பெற்றவர், அவர் துப்பாக்கி வைத்திருக்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பெட்டியின் எண் உங்களுக்கும் தெரிந்து, எடுக்கவும் முடியும் என்றால், வைத்திருந்தவர் பட்டியலில் உங்களையும் சேர்க்க அரசு வழக்கறிஞருக்கு இடமிருக்கிறது. எண்ணை அவர் மட்டும் வைத்திருக்கட்டும். வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தையும் படியுங்கள்; துப்பாக்கிக்குத் தடை என்று அதில் எழுதியிருக்கக்கூடும்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து, பூங்கா இருக்கும் மாநிலத்தின் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. யெல்லோஸ்டோன் மூன்று மாநிலங்களில் விரிந்திருக்கிறது. ஒரே நாள் சுற்றில் மூன்று சட்டங்கள். கரடிதான் கவலை என்றால் துப்பாக்கியைவிடக் கரடி ஸ்பிரேயை நம்பலாம். அலாஸ்காவில் நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளை அது 92 சதவீதம் தடுத்து நிறுத்தியிருந்தது. விசாக்காரரும் வைத்துக்கொள்ளலாம், விலங்குக்கு என்று அச்சிட்டிருந்தால் கனடாவும் விடும். ஆனால் யோசமிட்டி பூங்காவில் அதற்கும் தடை. அங்கே கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடிகள் இல்லை.

மனிதரைப் பற்றிய பயத்துக்கு, மோட்டார்ஹோம்காரரிடம் வேறு எவரிடமும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: வண்டியைவிட்டு இறங்காமலே படுக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடலாம். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரே இரவு தங்கும்போது, வண்டியின் முகத்தைச் சாலையைப் பார்த்து நிறுத்துங்கள். படிக்கட்டை உள்ளே மடியுங்கள். நாற்காலிகளை வெளியே விரிக்க வேண்டாம். முன்கண்ணாடித் திரையை ஒரே இழுப்பில் விலக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சாவியை அதன் துளையிலேயே விட்டுவிட்டுப் படுங்கள்.